வலது காலில் இன்னொரு தபா

டாக்டர் அறையில் இருந்தவர்கள் இவர்கள். எலும்பு டாக்டர். அவர் பக்கத்தில் பயிற்சி டாக்டர் ஒருவர், சின்ன வயசு. நாற்காலியில் என் மகள் கௌசல்யா, இடது காலை நீட்டி வைத்திருந்தாள். அவள் பின்னால் என் சம்சாரம் செல்வி. ஹாக்கி சொல்லித்தரும் ஸ்டீபன் மாஸ்டர். கௌசியின் டீமில் கோல் கீப்பராக நிற்கும் ஷகிலா. அவளை யாரும் கூப்பிடவில்லை, கூடவே வந்துவிட்டாள். கதவை ஒட்டி நான்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்தார். "ஏசிஎல் போயிடுச்சு," என்றார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஷகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்களைப் பார்த்துத்தான் பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்தது.

நான் இஸ்திரி போடுகிறவன். வீடு சைதாப்பேட்டை. வண்டி அடையாறில் ஒரு தெருமுனையில். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. இதை எழுதச் சொன்னது மாஸ்டர்தான். முட்டி போன பிள்ளைகளின் வீட்டில் இருந்து அவரிடம் வந்து, அடுத்து என்ன நடக்கும் என்று கேட்கிறார்களாம். பார்த்ததை எழுதுகிறேன்.

முட்டிக்குள் இரண்டு தசைநார் உண்டு. ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போகும். முன்னால் இருப்பதுதான் ஏசிஎல். ஓடும்போது சட்டென்று திரும்பினால் கால் எலும்பு முன்னால் நழுவாமல் அது பிடித்து நிறுத்தும். அது அறுந்தால் நடக்கலாம், மாடி ஏறலாம். திரும்பி ஓட முடியாது. ஹாக்கியில் திரும்பாமல் ஒரு நிமிஷம்கூட ஆட முடியாது.

கௌசிக்கு அது நந்தனத்தில் ஒரு மைதானத்தில் அறுந்தது. யாரும் இடிக்கவில்லை. பந்தை இழுத்துக்கொண்டு இடப்பக்கம் திரும்பினாள், டப் என்று ஒரு சத்தம், உட்கார்ந்துவிட்டாள். கோல் போஸ்டில் நின்ற ஷகிலாவுக்கே கேட்டதாம். "குச்சிதான் ஒட்ச்சிக்கினான்னு நெனச்சேன் அங்கிள்," என்றாள்.

முந்தின வருஷம் இதே பிள்ளைக்கு வலது கணுக்கால் பிசகியது. அது சரியாகிவிட்டது. சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னோம். வெளியே எல்லாரும், இவளுக்கு இரண்டாவது அடி என்று கணக்குப் போட்டார்கள்.

அந்தக் கணக்கு ஏன் முக்கியம் என்றால், லீக் டீம்கள் வருஷத்துக்கு ஒரு தரம் ஜூனியர் பிள்ளைகளில் சிலரை எடுக்கும். எடுத்தால் தங்க இடம், சாப்பாடு, படிப்பு, ஆட நல்ல டர்ஃப் மைதானம். பின்னால் வேலையும் வரும். கௌசி பெயர் அந்தப் பேச்சில் இருந்தது. பெனால்டி கார்னரில் பந்தைக் குச்சியால் இழுத்துக் கோலுக்குள் வீசுவாள், ஃப்ளிக் என்பார்கள் அதை. அந்த வயசுப் பிள்ளைகளில் அவ்வளவு வேகமாக வீசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான் என்று மாஸ்டர் சொல்வார். அப்படி வீசும்போது முன்னால் ஊன்றுவது இடது கால். மொத்த உடம்பும் அந்த முட்டிமேல் இறங்கும்.

ஆபரேஷனுக்கு உடனே எடுக்கவில்லை. வீக்கம் வடிய வேண்டும், கால் முழுசாக நீள வேண்டும். வீங்கிய முட்டியைத் திறந்தால் பிறகு மடங்காமல் போய்விடும் என்றார் டாக்டர். அதுவரை ஐஸ் வைத்தோம். மீன் வைக்கிற ஐஸை உடைத்துத் துண்டில் சுற்றி வைத்தாள் செல்வி. வீடு முழுக்க மீன் வாசனை. "ஹாஸ்டல்ல என்னை எடுத்தாலும் பக்கத்துல எவளும் படுக்க மாட்டா," என்றாள் கௌசி.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் அடங்கியது. முட்டிக்குப் போடுகிற நீளப் பட்டை அடங்கவில்லை. வெளியே வாங்கச் சொன்னார்கள். மறுநாள் பட்டை வந்துவிட்டது. யார் வாங்கியது என்று மாஸ்டர் இன்றுவரை சொல்லவில்லை. அந்த மாதம் அவர் பைக்கை விட்டுவிட்டு ரயிலில் வந்துகொண்டிருந்தார். நானும் கேட்கவில்லை.

ஆபரேஷன் அன்று காலையில் கௌசியின் மூக்குத்தி கழலவில்லை. உள்ளே உலோகம் எதுவும் போகக்கூடாது. சிஸ்டர் கத்தினார். செல்வி சோப்புத் தண்ணீர் தடவித் தடவி எடுத்தாள். கழன்றதும் கௌசி முகம் சின்னப் பிள்ளை முகம்போல ஆகிவிட்டது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கடித்துவிடுவார்கள். ஆள் முழித்திருப்பாள். தொடைப் பின்பக்கத்திலிருந்து ஒரு தசைநாரை உருவி, முட்டிக்குள் துளை போட்டு, அறுந்ததன் இடத்தில் வைத்துத் திருகு போடுவார்கள். அவள் காலில் எடுத்து அவள் காலுக்கே வைப்பது. துளை போடும் சத்தம் அவளுக்குக் கேட்டதாம். டாக்டரிடம் கேட்டிருக்கிறாள், "சார், ஃப்ளிக் எப்ப அடிக்கலாம்?"

"முதல்ல நாளைக்கு பாத்ரூம் போ. அப்புறம் ஃப்ளிக் அடி," என்றாராம்.

பெண்கள் வார்டு. ஆம்பளைகள் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். மற்ற நேரம் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருப்போம். அங்கே எப்போதும் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், கையில் ஒயர் கூடை, பிளாஸ்க். ஒவ்வொருவருக்கும் மாடி வார்டில் ஒருத்தி படுத்திருப்பாள். ஒருவர் டீ வாங்கினால் எல்லோருக்கும் வாங்குவார்.

ஆபரேஷன் முடிந்த சாயங்காலம் பார்வை நேரத்தில் போனேன். கௌசி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். செல்வி சைகை காட்டினாள், பேசாதே என்று.

"நைனா, கால் இன்னும் வர்ல," என்றாள் கௌசி. "விரல ஆட்டு ஆட்டுன்றாங்க. எங்க கீதுன்னே தெரில."

மரப்பு போக நேரமாகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். அவளும் கேட்டிருந்தாள். கேட்டது ஒன்று, அப்படிப் படுத்திருப்பது வேறு. கால்மாட்டில் நின்று அவள் குதிகாலை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டேன். சில்லென்று இருந்தது. அப்படியே நின்றேன். மணி அடித்தார்கள். வாட்ச்மேன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"உன் கை சுடுது," என்றாள்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் கையை எடுக்கவில்லை.

"சுடுதுப்பா," என்றாள் மறுபடியும். அப்போதுதான் அழுதாள்.

வார்டில் பக்கத்துக் கட்டிலில் நொச்சிக்குப்பத்து அம்மா ஒருத்தர், மீன் விற்கிறவர், இடுப்பு எலும்பு உடைந்து வந்திருந்தார். பெயர் தனம். செல்வி அழுக்குத் துணியைப் படியில் கொண்டுவந்து கொடுப்பாள். நான் துவைத்து வண்டியில் வைத்துத் தேய்த்து மடித்துக் கொண்டுபோவேன். எனக்குத் தெரிந்த வேலை அது.

"இன்னாடி இது, ஆஸ்பத்திரியில நைட்டிக்கு கத்தி மாதிரி மடிப்பு," என்றார் தனம். "ஏம்பா, என்து ரெண்டு கீது, அதையும் எடுத்துக்கினு போ. டாக்டரு ரவுண்டு வர்றப்ப நானும் டீசண்டா கீறேன்."

எடுத்துக்கொண்டு போனேன். கௌசி ஆஸ்பத்திரியில் முதல்முறை சிரித்தது அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். முட்டியை மடக்குவது கொஞ்சம் கொஞ்சமாக. துண்டைச் சுருட்டி முட்டிக்குக் கீழே வைத்து அதை அழுத்த வேண்டும், தொடை இறுக வேண்டும். தொடை இறுகவே இல்லை. படுத்திருந்த நாட்களிலேயே கால் சூம்பிவிட்டது. இரண்டு தொடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு வேறு ஆளுடையது போல இருக்கும். பிசியோதெரபி பார்த்தவர் நர்மதா மேடம். வாரத்துக்கு இரண்டு தடவை அவரிடம் போவோம். மற்ற நாள் வண்டிப் பக்கத்திலேயே செய்தாள். வண்டியைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, சுவரில் முதுகை வைத்து உட்காருவது. துணி கொடுக்க வருகிறவர்கள் முதலில் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு அவர்களே எண்ண ஆரம்பித்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து நாலாம் மாதம் ரேகா மேடம் வந்தார். ஒரு லீக் டீமுக்கு ஜூனியர் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறவர் அவர். முன்பு ஆடியவர். நந்தனம் மைதானத்தில் கௌசியை ஸ்டூலில் உட்காரவைத்துப் பந்தைத் தள்ளிவிட்டார். உட்கார்ந்தபடியே குச்சியால் நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ரொம்ப நேரம் அதையே செய்தார்கள்.

பிறகு என்னிடம் வந்தார். "கை ரொம்ப நல்ல கைங்க. பந்து குச்சியில ஒட்டிக்குது. கை விஷயத்துல எனக்குச் சந்தேகமே இல்ல."

நான் தலையாட்டினேன்.

"ஆனா ஒரு தடவை அடிபட்டா யாரும் கேக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவைன்னா டீம் டாக்டர் கேப்பார். உடம்பு வாகே அப்படியா, இல்ல சரியா ஆறவிடாம ஆடினாளான்னு. உடம்பு வாகுன்னா எடுக்க மாட்டாங்க. ஆறவிடலன்னா யோசிப்பாங்க. ஆறாம் மாச முடிவுல லிஸ்ட் போகுது. அதுக்குள்ள பிசியோ லெட்டர் வேணும், ஆடலாம்னு."

ஆறாம் மாதத்தில் அந்த லெட்டருக்காகப் போனோம். செல்வி, கௌசி, நான்.

சோதனை ஒன்றும் பெரிதில்லை. தரையில் அளவு டேப் ஒட்டியிருக்கும். ஒற்றைக் காலில் நின்று, அதே காலால் முன்னால் தாவி, அதே காலில் விழாமல் நிற்க வேண்டும். முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல கால் நூறு தாண்டினால் அடிபட்டது தொண்ணூறாவது தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

கௌசி வலது காலால் தாவினாள். நூற்று இருபத்தாறு சென்டிமீட்டர். மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதே. பிறகு இடது கால். நூற்றுப் பதினெட்டு.

செல்வி கணக்கு தெரியாமலே சிரித்தாள். கௌசி சிரிக்கவில்லை, டேப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நர்மதா மேடம் பேனாவை எடுக்கவில்லை. "வலது கால் அவ்வளவுதானா கௌசி?"

"போன வருஷம் கணுக்கால் போச்சுல்ல மேடம். அதான்."

"முழுசாத் தாவினியா?"

"ஆமா மேடம்."

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வண்டிக்குப் பக்கத்தில் மழைநீர்க் கால்வாய்க்குத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மாதமாக அவள் அந்தப் பள்ளத்தை வலது காலால் தாவி அதே காலில் வந்து நிற்கிறாள். திட்டினாலும் கேட்க மாட்டாள். அந்தப் பள்ளம் நூற்று இருபத்தாறைவிட அகலம். நல்ல காலைக் குறைத்துத் தாவினால் கெட்ட கால் பக்கத்தில் வந்துவிடும். அவளே யோசித்திருக்கிறாள்.

சும்மா இருந்தால் லெட்டர் வரும். லெட்டர் வந்தால் லிஸ்டில் பெயர் வரும். ஆடுவாள். அந்த நூற்றுப் பதினெட்டுக் காலை ஊன்றிப் பந்தை வீசுவாள். ஆஸ்பத்திரியில் என் கையில் சில்லென்று இருந்த அந்தக் குதிகால் ஞாபகம் வந்தது.

"கௌசி," என்றேன். "வலது கால்ல இன்னொரு தபா தாவு."

அவள் என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அவளிடம் நான் பார்த்ததில்லை. கௌசி போய்க் கோட்டில் நின்றாள். கோபத்தில் தாவினாள்.

நூற்று ஐம்பத்திரண்டு.

லெட்டர் இல்லை. மேடம் அவள் தோளில் கை வைத்தார், அவள் தட்டிவிட்டாள்.

பஸ் பிடித்து வந்தோம். வீட்டு வாசலில் செல்வி ஆரம்பித்தாள். "இத்தினி வருசமா தொறக்காத வாய இன்னிக்கு இன்னாத்துக்குய்யா தொறந்த? நம்ம கல்யாணத்துக்கு ஒரு வார்த்த பேசுனியா? வூட்டுக்காரன் வாடக ஏத்துறப்ப பேசுனியா? பெத்த பொண்ணு கால வாரத்தான் வாய் வந்துச்சா?"

அவள் சொன்னது எல்லாம் சரிதான். ராத்திரி அவளே தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு, "அந்த கால் மறுபடி அறுந்துருக்குமாய்யா?" என்று கேட்டாள்.

"தெரில," என்றேன். தெரியாதுதான்.

கௌசி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். உடற்பயிற்சியையும் நிறுத்திவிட்டாள். பட்டையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டாள். வண்டிப் பக்கம் வரவில்லை. நான் அவள் பிராக்டிஸ் ஜெர்சியைத் தினமும் எடுத்துத் தேய்த்து வைத்தேன். போட ஆள் இல்லாமல் அழுக்கே ஆகாத ஜெர்சி அது, சும்மாதான் தேய்த்தேன்.

விஷயம் தெரிந்ததும் மாஸ்டர் ரேகா மேடத்துக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொல்லிவிட்டார். மறைத்திருக்கலாம். சொல்லிவிட்டார். மேடம் சென்னை வந்தபோது வீட்டுக்கே வந்தார். கௌசி எழுந்து நின்றாள்.

"நீ பண்ணினதைக் கேட்டேன்," என்றார் மேடம். "நானா இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்."

கௌசி தலையைத் தூக்கினாள்.

"ஆனா கேளு. அந்த லெட்டர் எங்கிட்ட வந்திருந்தா நான் என்ன படிச்சிருப்பேன்? இடது காலை விடு. நல்ல காலே நூத்தி இருபத்தாறுதான் தாவுது. போன வருஷக் கணுக்காலும் ஆறல. அப்போ ரெண்டு காலும் போச்சு, உடம்பு வாகே இதுதான். பேரை அடிச்சிருப்பேன். பாஸ் பண்ணிட்டேன்னு நீ நெனச்சிருப்ப."

ஷகிலா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "லூசு," என்றாள் மெதுவாக. "ரெண்டு காலுக்கும் நீயே சங்கு ஊத பாத்தியேடி."

"ஷகி, போடி," என்றாள் கௌசி. காது சிவந்துவிட்டது.

"நூத்தி ஐம்பத்திரண்டு தாவுற கால் ஆறின கால்," என்றார் மேடம். "அப்போ ஒரு முட்டிதான் பாக்கி. அதுக்கு நாள்தான் வேணும். மெயின் லிஸ்ட் போயிடுச்சு. சீசன் நடுவுல யாருக்காவது அடிபட்டா மாத்து ஆள் எடுப்போம், ஒரே ஒரு ஜூனியர். பத்தாம் மாசம் லெட்டரோட வா. லெட்டர் இல்லன்னா வேற பொண்ணு வெச்சிருக்கேன். ஒளிக்கல."

அவர் போன மறுநாள் காலையில் கௌசி வண்டிக்கு வந்தாள். சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்தாள். நான் ஜெர்சியை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"காலர் மடிஞ்சிக்கீது," என்றாள்.

வாங்கித் திரும்பத் தேய்த்தேன். காலர் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு மாதம். அதில் சொல்ல அதிகம் இல்லை. தினமும் ஒரே வேலை. இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை நான் காத்திருப்பேன், தொடை நடுங்கும்வரை அவள் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் முட்டி வீங்கிவிட்டது, பயந்து ஓடினோம். அதிகம் செய்திருக்கிறாள், இரண்டு நாள் விடு என்றார்கள். முட்டியை நேராக்கும்போது கடைசியில் ஒரு வலி இருக்கும், அது போக நாளாகும், பயப்பட வேண்டாம். படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லத்தான் மாஸ்டர் எழுதச் சொன்னார். இன்னொன்றும் சொல்கிறேன். பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். வலிக்கிறது என்று சொன்னாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். பக்கத்தில் இருங்கள்.

பத்தாம் மாதம் நர்மதா மேடம் அறையில் மறுபடியும் டேப் ஒட்டியிருந்தது. செல்வி உள்ளே வரமாட்டேன் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் வலது கால். கௌசி கோட்டில் நின்றாள், கையை வீசினாள். விழுந்த இடத்தில் ஆடாமல் நின்றாள்.

"நூத்தி அறுபது," என்றார் மேடம். "ஏய், போன தடவை அளவு வந்தாலே போதும். இப்ப நீயே உனக்கு ஏத்திக்கிட்ட. இடது கால்ல நூத்தி நாப்பத்தினாலு வரணும்."

"வரட்டும் மேடம்," என்றாள் கௌசி. என்னைப் பார்க்கவில்லை.

இடது காலுக்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை நூற்று முப்பத்தொன்பது. இரண்டாவது தடவை தூரம் போனாள், ஆனால் நிற்க முடியாமல் வலது காலை ஊன்றிவிட்டாள், அது கணக்கில் இல்லை. கையை முட்டியில் வைத்துக் குனிந்து நின்று மூச்சு வாங்கினாள். மேடம் கோட்டுப் பக்கம் நின்று பாதத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. "அண்ணா, அந்தப் பக்கம் நீங்க பாருங்க. குதிகால் எங்க விழுதோ அந்த நம்பர்," என்றார்.

நான் தரையில் மண்டிபோட்டேன்.

"நைனா," என்றாள் கௌசி. "சரியா பாத்து சொல்லு."

"ம்," என்றேன்.

தாவினாள். என் முகத்துக்கு முன்னால் அந்தக் கால் வந்து இறங்கியது. முட்டி உள்ளே மடங்கியது, நடுங்கியது, நின்றது. மேடம் மூன்று எண்ணினார். கௌசி அசையவில்லை. குதிகாலை ஒட்டி விரலை வைத்து, குனிந்து, படித்தேன்.

நூற்று நாற்பத்தாறு.